ஓசூரில் தனியறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு: செபம் விட்டுப்போகாமல் இருக்க என்ன வழி?

அன்பியம்_ஓசூர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிப்காட் கம்பெனிகளில் காண்ட்ராக்ட்டில் சேர்ந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறோம். எலத்தகிரி, கோவிலூர் மாதிரி ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு அங்கே கோயில் மணி இருந்தது, பாட்டி சொல்லும் செபமாலை இருந்தது, வாரம் ஒரு அன்பியக் கூட்டம் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிப்பது) இருந்தது. இங்கே நாலு பேர் அறையில் மற்ற மூவரும் வேறு நம்பிக்கைக்காரர்கள், வேறு ஷிஃப்ட். ஆறு மாதத்தில் செபம் நின்றுவிடுகிறது. காண்ட்ராக்ட் முடியும் தேதி நெருங்கினால், "கடவுளே என்னை விட்டுவிட்டார்" என்ற பேச்சு வந்துவிடுகிறது.

ஆறுதல் வசனம் வேண்டாம், அது வாட்ஸ்அப்பில் நிறையவே வருகிறது. கையால் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் எழுதலாம்.

---

மூன்றாம் ஷிஃப்ட் எழுதியது:

முதலில் நேரத்தைப் பேசுவோம், ஏனென்றால் பெரும்பாலும் அங்கேதான் உடைகிறது.

"தினமும் காலை 5 மணிக்கு ஜெபம்" என்று முடிவெடுத்தால் அது ஒரு வாரம்தான் நிற்கும். அடுத்த வாரம் ஷிஃப்ட் மாறும்போது 5 மணிக்கு ஆள் மிஷின் முன்னால் நிற்பார். ஆகவே ஜெபத்தைக் கடிகாரத்தில் கட்டாமல் ஒரு செயலில் கட்டுங்கள். எந்த ஷிஃப்ட்டிலும் மாறாத செயல் இரண்டு உண்டு: வேலைக்குப் போகும்முன் ஷூ போடுவது, திரும்பி வந்து குளிப்பது. ஷூ போடும்முன் 2 நிமிடம், குளித்த பிறகு 10 நிமிடம்.

இரவு ஷிஃப்ட்டுக்கு (10 முதல் 6) மட்டும் இதைத் திருப்பிப் போட வேண்டும். காலையில் வந்ததும் 10 நிமிடம் உட்கார்ந்தால் பாதியில் தூங்கிவிழுவார்கள். தூங்கும்முன் பரமண்டல ஜெபம் ஒன்றே போதும். முழு 10 நிமிடத்தை மாலை 3, 4 மணிக்கு எழுந்த பிறகு, சாப்பிடும்முன் வையுங்கள்.

10 நிமிடம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் மூன்றாம் நாள் தவறும், நாலாம் நாள் குற்ற உணர்வு, ஐந்தாம் நாள் வேதப்புத்தகத்தைப் பார்க்கவே கூச்சம். சிறிய அளவு தவறினால் மறுநாள் கூச்சமில்லாமல் தொடரலாம். தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பு செய்யவே கூடாது.

போனில் வேதம் வாசித்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். முடிந்தால் அச்சுப் புத்தகம். அறையில் ஆள் இருந்தால் வாய்க்குள் முணுமுணுத்தாலும் போதும், ஆனால் உதடு அசைய வேண்டும். கண்ணால் மட்டும் ஓட்டினால் மனம் நாலு வரிக்குள் சம்பளத்துக்குப் போய்விடும்.

---

உபதேசியார் பேத்தி எழுதியது:

10 நிமிடத்தில் எதை வாசிப்பது என்பதையும் தாளில் போடுங்கள். தனிமையில் இருப்பவர் வேதாகமத்தைத் திறந்து, விரல் வைத்த இடத்தை வாசிப்பார். அன்றைக்கு வம்சவரலாறு வந்தால் மூடிவைத்துவிடுவார்.

என் பரிந்துரை: முதல் வாரம் முழுக்கத் திருப்பாடல் (சங்கீதம்) 13 மட்டும். மொத்தம் 6 வசனம்தான். 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப்பட்ட புலம்பல்தான், அதில் இது சிறியவற்றுள் ஒன்று, அமைப்பு தெளிவாகத் தெரியும். வசனம் 1, 2 முறையீடு: "எதுவரைக்கும்" என்ற கேள்வி நாலு முறை வருகிறது. 3, 4 வேண்டுதல். 5, 6 நம்பிக்கை. ஞாயிறும் திங்களும் முறையீட்டில் நில்லுங்கள், அவசரப்பட்டு நம்பிக்கைக்கு ஓடாதீர்கள். செவ்வாய், புதன் வேண்டுதல். வியாழன், வெள்ளி கடைசி இரண்டு வசனம். சனிக்கிழமை அதே அமைப்பில் சொந்தமாக நாலு வரி நோட்டில் எழுதுங்கள்: ஆண்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வரி ஒன்று, குறை ஒன்று, கேட்பது ஒன்று, "ஆனாலும்" என்று தொடங்கும் வரி ஒன்று. குறையை எழுதும்போது பொதுப்படையாக எழுத வேண்டாம். "கஷ்டமாக இருக்கிறது" என்பதைவிட "15-ஆம் தேதிக்கு மேல் வேலை இருக்குமா தெரியவில்லை" என்பது ஜெபம்.

இரண்டாம் வாரம் 42-ம் 43-ம். இரண்டையும் ஒன்றாகவே வாசியுங்கள். ஒரே பல்லவி 42:5, 42:11, 43:5 என மூன்று முறை வருவதைப் பார்த்தால் ஒரே பாடல் என்று புரியும். பாடுகிறவர் தன் ஆத்துமாவையே நிறுத்திக் கேள்வி கேட்கிறார், ஒரு தடவை கேட்டுத் தீரவில்லை என்பதால் மூன்று தடவை.

"ஆனாலும்" வரி வரவே வராத நாளுக்கு 88. அதில் திருப்பம் கிடையாது. கடைசி வசனமே நண்பர்கள் தூரமாகிப்போனதைப் பற்றியதுதான். அப்படி முடிகிற பாடலையும் திருச்சபை ஜெபப்புத்தகத்தில் வைத்திருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: வீட்டில் வுல்காத்தா (பழைய லத்தீன் வேதாகமம்) எண்ணைப் பின்பற்றும் பழைய கத்தோலிக்கப் பதிப்பு இருந்தால் இந்த எண்கள் ஒன்று குறையும். 13 அங்கே 12, 88 அங்கே 87. தாளில் எண்ணோடு முதல் வரியையும் அச்சிடுங்கள்.

---

ஊத்தங்கரை மூப்பர் எழுதியது:

அம்மா சொன்னது அருமை. நான் 1 இராஜாக்கள் 19-ஐச் சேர்க்கிறேன், ஆனால் எல்லாரும் பிரசங்கிக்கிற "மெல்லிய சத்தம்" பகுதியை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள்.

தீர்க்கதரிசி எலியா பெயெர்செபாவில் வேலைக்காரனை நிறுத்திவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குப் போகிறார் (3, 4). சோர்ந்தவன் முதலில் செய்வது கூட இருந்தவனை விட்டுவிடுவதுதான். சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்கிறார். கர்த்தர் அங்கே உபதேசம் செய்யவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர். மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. அதற்கப்புறம் 40 நாள் நடை. ஓரேபு மலைக்குப் போன பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அதுவும் இரண்டு முறை. "நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று எலியா இரண்டு முறையும் ஒரே பதில் சொல்கிறார். அதற்குப் பிறகு வேலை கொடுக்கப்படுகிறது, எலிசா என்ற ஆள் கொடுக்கப்படுகிறான், அவரைப்போலவே பாகாலை வணங்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்ற தகவல் கடைசியில் வருகிறது.

நாமோ தலைகீழாகச் செய்கிறோம். போன் பண்ணின உடனே 7000 பேர் கணக்கைச் சொல்கிறோம். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று முதலில் கேளுங்கள். மெஸ் சாப்பாட்டை விட்டுவிட்டு பிஸ்கட்டில் வாழும் பையனுக்கு எந்தச் சங்கீதமும் இறங்காது.

இன்னொன்று, உதவி கேட்கும் முறை. பவுல் சிறையிலிருந்து 2 தீமோத்தேயு 4-இல் எழுதுவதைப் பாருங்கள். லூக்கா மட்டும் என்னோடிருக்கிறான், சீக்கிரம் வா, துரோவாவில் விட்ட மேலங்கியைக் கொண்டு வா, புத்தகங்களையும் தோற்சுருள்களையும் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வா. இடம், பொருள், காலம் எல்லாம் இருக்கிறது. "எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று குரூப்பில் போட்டால் 40 கைகூப்பும் படம் வரும், ஆள் வராது. "அண்ணா, ஞாயிறு 4 மணிக்கு அறைக்கு வந்து அரைமணி நேரம் இருக்க முடியுமா" என்று ஒரே ஒருவருக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

---

பென்னாகரம் ஜெபவீரர் எழுதியது:

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எல்லாம் சரி, ஆனால் உபவாசத்தை யாரும் சொல்லவில்லையே? இப்படிப்பட்ட கட்டு 3 நாள் உபவாசம் இல்லாமல் உடையாது.

---

அரூர் நர்ஸ் அக்கா எழுதியது:

தம்பி, உபவாசத்தை மதிக்கிறேன். ஆனால் தனியாக இருந்து ஏற்கெனவே சாப்பாடு குறைந்தவருக்கு 3 நாள் உபவாசம் சொல்லாதீர்கள். மூப்பர் ஐயா காட்டிய இடத்தில் தேவதூதன் கொடுத்தது சாப்பாடு. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுப்பவர், இரவு ஷிஃப்ட்டில் பிரஸ், கட்டிங் மிஷின் ஓட்டுபவர் இவர்களெல்லாம் விலக்கு. மயக்கம் வந்தால் போவது விரல். தண்ணீர் இல்லாத உபவாசம் யாருக்குமே வேண்டாம்.

ஆரோக்கியமாக இருப்பவர் ஒரு வேளையை விடலாம். அப்படி விடும்போது ஏசாயா 58 சொல்வதுபோல அந்தச் சாப்பாடு இன்னொருவருக்குப் போக வேண்டும். பக்கத்து அறைப் பையனுக்கு ஒரு பார்சல் வாங்கிக் கொடுத்து அவனோடு உட்கார்ந்திருங்கள். தனிமைக்கு அதுவே மருந்து.

---

பென்னாகரம் ஜெபவீரர் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா. ஒரு வேளை, தண்ணீரோடு, நோயாளிகள் நீங்கலாக என்று தாளில் போடட்டும்.

---

மன்ரேசா எழுதியது:

காண்ட்ராக்ட் முடிகிற நேரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் "ஆன்மிகப் பயிற்சிகள்" நூலில் இதற்கென்றே விதிகள் உண்டு. அந்தப் பயிற்சிகளின் முதல் வாரத்துக்கான 14 விதிகளில் ஐந்தாவது: மனம் வறண்டு இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. வேலையை விடுவது, ஊருக்குப் போய்விடுவது, நிச்சயித்த கல்யாணத்தை நிறுத்துவது, சபை மாறுவது, கோயிலுக்குப் போவதையே நிறுத்துவது இதெல்லாம் அந்த நேரத்து முடிவாக இருக்கக் கூடாது.

ஆனால் கம்பெனி "வெள்ளிக்குள் சொல்" என்று தேதி வைத்தால்? அங்கே இந்த விதியைச் சாக்காக வைத்துச் சும்மா இருக்க முடியாது. மூன்று காரியம் செய்யலாம். முன்பு தெளிவாக இருந்தபோது என்ன நினைத்தோம் என்பதை நோட்டில் தேடுங்கள் (அதற்காகவாவது நோட்டு வேண்டும்). பிறகு, நம்மைத் தெரிந்த, ஆனால் இந்த முடிவால் லாபமோ நட்டமோ இல்லாத ஒருவரிடம் கேளுங்கள். இரண்டு வழியும் சமமாகத் தெரிந்தால், பிறகு திருத்திக்கொள்ளக் கூடிய வழியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து, மூன்றாம் ஷிஃப்ட் சொன்னதோடு சின்ன வேறுபாடு. செபிக்கப் பிடிக்காத நாளில் வைத்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். உடம்பு அலுப்பு வேறு, செபத்தின் மேல் வரும் வெறுப்பு வேறு. 12 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தவர் குறைக்கட்டும். நன்றாகத் தூங்கி எழுந்தும் பிடிக்கவில்லை என்றால் 10 நிமிடத்தை 11 ஆக்குங்கள். அந்த ஒரு நிமிடம் "நீ சொல்லி நான் எழுந்திருக்க மாட்டேன்" என்று வெறுப்பிடம் சொல்வது.

வறட்சிக்கு மூன்று காரணம் என்கிறது ஒன்பதாம் விதி: நம் அசட்டை ஒன்று, சோதித்துப் பார்ப்பதற்காக வருவது இன்னொன்று, ஆறுதல் என்பது நம் சம்பாத்தியம் இல்லை என்று தெரிவதற்காக வருவது மூன்றாவது. முதல் காரணத்தை மட்டும் வைத்துப் பிள்ளைகளை அடிக்காதீர்கள். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகள் அவர் இந்த இருளில் இருந்தது உலகத்துக்குத் தெரிந்தது. அவர் அசட்டையாக இருந்தார் என்று யார் சொல்வார்?

பதின்மூன்றாம் விதி: சோதனை தன்னை இரகசியமாக வைத்துக்கொள்ளவே விரும்பும், வெளியே சொன்னால் அதன் பலம் போய்விடும். பாவசங்கீர்த்தனத்திலோ, நம்பிக்கையான ஒருவரிடமோ வாய்திறந்து சொல்ல வேண்டும். தாளில் இதற்கு ஒரு வரி கட்டாயம்.

---

மூன்றாம் ஷிஃப்ட் எழுதியது:

அலுப்பு வேறு, வெறுப்பு வேறு என்பதை ஏற்கிறேன். இதோடு ஒன்று: எகிப்துப் பாலைவனத் துறவி எவாக்ரியுஸ் 4-ஆம் நூற்றாண்டில் இந்த வெறுப்பை "நண்பகல் பேய்" என்று எழுதினார். பொழுது நகராது, துறவி ஜன்னலைப் பார்ப்பார், இந்த இடம் சரியில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை, வேறு ஊருக்குப் போனால் சரியாகும் என்று தோன்றும். இரவு ஷிஃப்ட் முடிந்து பகலில் தூக்கம் வராமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கு வரும் எண்ணமும் எழுத்துக்கு எழுத்து இதுதான். அவர் சொன்ன மருந்து: அறையை விட்டு ஓடாதே, கைவேலை செய், அந்த எண்ணத்துக்கு எதிராக ஒரு குறுகிய வசனத்தை வாய்விட்டுச் சொல். துணி துவைப்பது, அறை கூட்டுவது போதும். ரீல்ஸ் பார்ப்பது கைவேலை ஆகாது.

---

மத்திகிரி பீடப்பணி எழுதியது:

ஞாயிறு பற்றி, கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு. தெரியாமலே பயந்து விலகிப்போகிறவர்கள் அதிகம் என்பதால் சட்டத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். திருச்சபைச் சட்டம் 1248-இன்படி சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலே ஞாயிறு கடமை நிறைவேறும். ஷிஃப்ட்டை மாற்றவே முடியாமல் வேலை நேரம் இடித்தால் அது பாவமில்லை, பங்குத்தந்தையிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அந்த வாரம் தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபிக்கும்படி அதே சட்டம் பரிந்துரைக்கிறது, ஞாயிறு வாசகங்களை அறையில் வாசித்துச் செபியுங்கள்.

இரவு ஷிஃப்ட் முடிந்து நேராகக் கோயிலுக்கு வருபவர்கள் டீ குடித்துவிட்டோம் என்று நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) வாங்காமல் நிற்கிறார்கள். ஒரு மணி நேர நோன்பு என்பது நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. 6.30 பூசையில் நற்கருணை ஏறக்குறைய 7.15 ஆகும், அப்படியானால் 6.15 வரை டீ குடிக்கலாம். தண்ணீரும் மருந்தும் எப்போதும் தடையில்லை.

கோயிலுக்குப் புதிதாக வருபவர் கடைசி வரிசையில் நின்று, ஆசீர் முடியும்முன் போய்விடுவார். அப்படி ஒரு வருஷம் வந்தாலும் ஒருவருக்கும் பெயர் தெரியாது. பாடல்குழு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, வாசகம் வாசிப்பது, ஏதாவது ஒரு வேலையில் பெயர் கொடுத்தால் இரண்டாம் வாரமே "எங்கே காணோம்" என்று கேட்க ஆள் இருக்கும். ஓசூரில் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் காதில் விழும், தமிழ்ப் பூசை நேரத்தைப் பங்கு அலுவலகத்தில் கேட்டுத் தாளில் அச்சிடுங்கள்.

---

கிருஷ்ணகிரி மாந்தோப்பு எழுதியது:

வருஷப்பிறப்பில் ஒரு வேதவசனம் அச்சிட்டுக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை பற்றி. எரேமியா 29:11 (நல்ல எதிர்காலத்தைத் தருவேன் என்ற வாக்கு) அதில் அடிக்கடி வருகிறது. கொடுப்பதில் தவறில்லை, ஆனால் 10-ஆம் வசனத்தையும் சேர்த்து அச்சிட வேண்டும்: 70 வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கிறது. கடிதம் பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பி வருவதைப் பார்க்கப் போவதில்லை. அதனால்தான் 5 முதல் 7 வரை: வீடு கட்டு, தோட்டம் நடு, கலியாணம் செய், நீ இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு. "இந்த மார்ச்சுக்குள் வேலை நிரந்தரமாகும்" என்று அட்டையைப் புரிந்துகொண்டவர், ஆகவில்லை என்றால் வேதத்தையே பொய் என்பார். ஒட்டு மாங்கன்று நட்டாலும் நல்ல காய்ப்புக்கு நாலைந்து வருஷம் தண்ணீர் ஊற்ற வேண்டும், இது நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"விதை காணிக்கை அனுப்பு, 21 நாளில் வேலை" என்று ஜிபே எண்ணோடு வரும் தீர்க்கதரிசன வீடியோக்களையும் தாளில் எச்சரியுங்கள். தனியாக இருப்பவர்தான் அதில் விழுவார். கணக்கு தனி ஆள் பெயரில் இருக்கிறதா, யாருக்காவது அவர் கணக்குக் கொடுக்கிறாரா, பணம் தராவிட்டால் சாபம் என்கிறாரா, இதைப் பார்த்தாலே போதும்.

---

பாலக்கோடு ஆசிரியை எழுதியது:

பிள்ளைகள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டதால் ஊரில் தனியாக இருக்கும் பெரியவர்களையும் மறக்காதீர்கள். தாளின் பின்பக்கம் அவர்களுக்காக இருக்கட்டும், சந்திக்கப் போகிறவர்களுக்கான குறிப்பாக.

20 முதல் 30 நிமிடம் போதும். முதல் 10 நிமிடம் அவர் பேசட்டும். யோபுவின் நண்பர்கள் 7 நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாக இருந்தார்கள், வாய் திறந்த பிறகுதான் கெட்டது (42:7). "விசுவாசம் குறைவு", "ஏதோ பாவம் இருக்கும்" இந்த வாக்கியங்கள் கூடாது. முதியோர் பென்ஷன் வந்ததா, கேஸ் இருக்கிறதா, மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு சங்கீதத்தை அவரையே சொல்லச் சொல்லி, விடும் இடத்தில் மட்டும் நாம் எடுத்துக் கொடுக்க வேண்டும். எழும்பும்முன் அடுத்த வருகைத் தேதியைக் காலண்டரில் அவர் கண்முன் குறித்துவிட்டு வாருங்கள். "அப்புறம் வர்றேன் பாட்டி" என்பதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுவரும் பங்குகளில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும். ஒரு சிறு மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு இருக்கும் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர். முதியோருக்கும் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் அந்த ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் ஐயரிடம் (போதகரிடம்) சொன்னால் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவார்.

---

அரூர் நர்ஸ் அக்கா எழுதியது:

ஒன்று விட்டுப்போகிறது. ஆவிக்குரிய வறட்சியும் மனச்சோர்வு நோயும் வெளியே ஒன்றுபோலத் தெரியும். வறட்சியில் இருப்பவர் செபம் கசந்தாலும் சிரிப்பார், சாப்பிடுவார், வேலைக்குப் போவார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி கெட்டு, எதிலும் ஆசையில்லாமல், தான் எதற்கும் உதவாதவன் என்ற பேச்சு வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி எண்) 14416, எந்நேரமும், இலவசம், தமிழில் பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று எந்தப் போதகரும் சொல்லக் கூடாது.

சாவைப் பற்றிப் பேசினால் அந்த இரவு தனியாக விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா" என்று நேராகக் கேட்கலாம், கேட்டால் தூண்டியதாகாது. விவசாய வீடுகளில் பூச்சிமருந்தை அன்றைக்கே வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஜெபம் பண்ணிக்கொண்டே இதைச் செய்யலாம்.

---

அன்பியம்_ஓசூர் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. முன்பக்கத்தில் ஷூ/குளியல் ஒழுங்கு, பாடல் 13, 42-43, 88 முதல் வரிகளோடு, முடிவு மாற்றாதே விதி, ஒருவரிடம் சொல், தமிழ்ப் பூசை நேரம். பின்பக்கத்தில் சந்திப்புக் குறிப்பு, 14416. உபவாசம் ஒரு வேளை, நிபந்தனைகளோடு. வேறு ஏதாவது?

---

உபதேசியார் பேத்தி எழுதியது:

கீழே இரண்டு இஞ்ச் வெற்றிடம் விடுங்கள். தாளைக் கொடுப்பவர் தன் பெயரையும் போன் நம்பரையும் பேனாவால் அதில் எழுதிக் கொடுக்கட்டும். அச்சடித்த நம்பருக்கு அந்தப் பிள்ளைகள் கூப்பிட மாட்டார்கள்.

---

அன்பியம்_ஓசூர் எழுதியது:

செய்கிறோம் அக்கா. எழுத்து 14 புள்ளி, பின்பக்கம் பெரியவர்கள் வாசிக்க 18. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் பிறகு கொடுக்கத் தொடங்குகிறோம்.